இரவுக் கடமைக்கு வராத பயிற்சி: யாழ் குடாநாட்டுப் பிரசவ அறையொன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ் குடாநாட்டின் ஓர் ஆதார வைத்தியசாலையில், 2023 கார்த்திகை மழைக்காலத்தில் நடந்த ஒரு பிரசவத்தையும், அதன் பின் ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் செய்து பார்த்தவற்றையும் இங்கே பதிகிறேன். அந்த மகப்பேற்று விடுதியின் பொறுப்புத் தாதி நான். ஆட்களை இனங்காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன். தாயிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பின்னணி

எங்கள் விடுதியில் மாதத்துக்கு ஏறத்தாழ 60 பிரசவங்கள் நடக்கும். சிக்கல் வரலாம் என்று முன்கூட்டியே தெரிகிற தாய்மாரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவதால், எங்களிடம் எஞ்சுபவை பெரும்பாலும் சுகமாக முடிகிற பிரசவங்கள். அது நல்லதுதான். ஆனால் அதற்குள் ஒரு பொறி இருந்ததை நான் அப்போது யோசிக்கவில்லை.

பிறக்கும் 100 குழந்தைகளில் 85 குழந்தைகள் அளவில் தாமாகவே மூச்செடுத்துவிடுகின்றன. மேலும் 10 குழந்தைகளுக்குத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். கையால் அழுத்தும் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டியவை 5 அளவில்தான். இந்தக் கணக்கை எங்கள் விடுதிக்குப் போட்டுப் பார்த்தால் மாதத்துக்கு 3 குழந்தைகள். அவர்களிலும் பாதிப் பேருக்கு வைத்தியரே பக்கத்தில் நின்று பார்த்துவிடுவார். மிச்சத்தை 16 தாதியருக்கும் மருத்துவமாதருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கு வருடத்தில் ஒரு தடவை வாய்ப்பதே பெரிய காரியம். நாட்டிலும் பிறப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன: 2018 இல் 3 இலட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டியிருந்த வருடப் பிறப்பு, 2023 இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே போனது. கைக்கு வேலை குறையக் குறையக் கை மறந்துபோகிறது.

பயிற்சி இல்லாமலும் இல்லை. அதே வருடம் பங்குனியில், பிறந்த குழந்தைக்கு மூச்சூட்டுவது பற்றிய இரண்டு நாள் பட்டறை ஒன்றுக்கு நான் கொழும்புக்குப் போனேன். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், இரவு பஸ். நல்ல பட்டறை, பொம்மையில் செய்தும் பார்த்தோம். திரும்பி வந்து, ஒரு புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்கு விடுதியினருக்கு ஒரு மணித்தியால வகுப்பு எடுத்தேன். ஆங்கிலப் படவில்லைகள், என் விளக்கம், கடைசியில் தேநீரும் ரோல்ஸும். ஒன்பது பேர் வந்தார்கள். முதல் நாள் இரவுக் கடமை செய்தவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு கடமைக்கு வர இருந்தவர்களும் அப்படியே. கையேட்டின் பிரதி ஒன்று அறிவித்தற் பலகையில் ஏறியது. இரண்டு மாதத்தில் அதன் மேல் லீவுப் படிவங்கள் ஏறின. சான்றிதழ் மட்டும் என் மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருந்தது.

அந்த இரவு

தாய்க்கு இது இரண்டாவது பிள்ளை, 38 வாரம். கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து முன்னிரவில் வந்து சேர்ந்தார். கர்ப்பப் பதிவேட்டில் கவலைப்பட எதுவும் இல்லை; பிள்ளை கொஞ்சம் சிறிதாக இருக்கலாம் என்று ஒரே ஒரு குறிப்பு. நள்ளிரவுக்குப் பின் பனிக்குடம் உடைந்தபோது நீர் பச்சை நிறமாக இருந்தது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருந்தது. மருத்துவமாது வைத்தியருக்கு அறிவித்தார். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, வேறொரு விடுதியில் அவசரம் என்று அழைத்ததால் போனார். அடுத்த 20 நிமிடத்தில் பிரசவமாகிவிட்டது. இரண்டாவது பிள்ளைகள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அறையில் இருந்தவர்கள் நால்வர்: பிரசவம் பார்த்த மருத்துவமாது, 19 வருடச் சேவையுள்ள மூத்த தாதி, முதல் நியமனம் பெற்று எட்டு மாதமான இளைய தாதி, ஒரு சிற்றூழியர்.

குழந்தை துவண்டுபோய்ப் பிறந்தது. அழவில்லை. உடனே தொப்புள்கொடியை வெட்டி மேசைக்குக் கொண்டுவந்தார்கள். மூத்த தாதி உறிஞ்சியை எடுத்தார். குழாய் பொருத்தப்பட்டிருக்கவில்லை, பொருத்தினார். வாயை உறிஞ்சினார், மூக்கை உறிஞ்சினார், மறுபடி வாயை. முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார். பிறகு பையை எடுத்தார். ஒட்சிசன் குழாய் எட்டவில்லை. சிற்றூழியர் சிலிண்டரை இழுத்து வந்தார். கடைசியில் மாஸ்க்கை வைத்து அழுத்தியபோது காற்று கன்னத்தோரமாகச் சீறி வெளியேறியது. பையில் மாட்டியிருந்தது 1 ஆம் அளவு மாஸ்க், குழந்தையோ 2.1 கிலோகிராம். 0 அளவு மாஸ்க் அலுமாரிக்குள், பொதி பிரிக்கப்படாமல் இருந்தது.

வைத்தியர் ஓடிவந்து மூன்று காரியங்கள் செய்தார்: சின்ன மாஸ்க்கைக் கேட்டு வாங்கினார், பின்னால் மடிந்திருந்த தலையை நேராக்கினார், அழுத்தினார். ஐந்தாறு மூச்சுக்குள் நெஞ்சு எழும்பத் தொடங்கியது. நிமிடத்துக்கு 60 அளவில் இருந்த இதயத் துடிப்பு, அரை நிமிடத்தில் 100 ஐத் தாண்டியது. குழந்தை முதலில் முனகியது, பிறகு அழுதது. மூன்று மணிக்கு முன்பே அம்புலன்ஸ் மழையோடு போதனா வைத்தியசாலைக்குப் புறப்பட்டது. மூளைக்கு ஒட்சிசன் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் குளிரூட்டல் சிகிச்சையைப் பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே அங்கே முதலில் அதைத்தான் ஆராய்ந்தார்கள். அந்த அளவுக்குப் பாதிப்பு இல்லை என்று முடிவாயிற்று. முதல் மூன்று நாள் பால் உறிஞ்சச் சிரமப்பட்ட குழந்தை, ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனது.

கண்டவை

காலை ஏழு மணிக்கு நான் வந்தபோது குறிப்பேட்டில் ‘உடனடியாக மூச்சு கொடுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உடனடியாகத்தான் பட்டிருக்கிறது. பிரசவ அறைச் சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடுவது எல்லோருக்கும் தெரியும். அதனால் அதை யாரும் நம்புவதில்லை. கடைசியில் எங்களுக்கு நேரம் சொன்னது இளைய தாதியின் கைத்தொலைபேசி. குழந்தை மேசைக்கு வந்ததும் வைத்தியரை அழைத்தது 2.12. அதிலிருந்து கணக்கிட்டுப் பார்த்தால், முதன்முதலாக நெஞ்சு எழும்பியது பிறந்து நாலரை நிமிடத்துக்கு மேலான பிறகு. அது ஒரு நிமிடத்துக்குள் நடந்திருக்க வேண்டிய காரியம்.

அத்தியட்சகர் அலுவலகத்தில் முதலில் எழுந்த பேச்சு, மூத்த தாதியிடம் எழுத்தில் விளக்கம் கோருவது. நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். உண்மையில் எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது. அந்த வாரம் நான்கு பேருடனும் தனித்தனியாகக் கதைத்தபோதுதான் அது இறங்கியது.

மூத்த தாதி அழுதார். பிறகு சொன்னார்: “பச்சை நீர் என்றால் முதலில் சுத்தமாக உறிஞ்ச வேண்டும், உறிஞ்சாமல் மூச்சுக் கொடுத்தால் மலம் நுரையீரலுக்குள் போய்விடும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள்.” அவர் சொன்னது சரி. அவர் படித்த காலத்தில் அதுதான் விதி. துவண்டு பிறக்கும் இப்படியான குழந்தைகளுக்கு முதலில் மூச்சுக்குழாயை உறிஞ்சும் வழக்கத்தை, மூச்சூட்டுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதால், சர்வதேச வழிகாட்டல்கள் 2015 இல்தான் கைவிட்டன. ஒட்சிசனும் அப்படியே: நிறைமாதக் குழந்தைக்கு முதலில் சாதாரணக் காற்றே போதும் என்பது 2010 இல் வந்த மாற்றம். சிலிண்டர் வரும்வரை அவர் காத்திருக்கத் தேவையே இல்லை. அந்தப் பை ஒட்சிசன் இல்லாமலும் வேலை செய்யும். படித்ததை அவர் மறந்திருந்தால் ஒருவேளை வேகமாகப் பையை எடுத்திருப்பார். நன்றாக நினைவில் வைத்திருந்ததுதான் அந்த நிமிடங்களைத் தின்றது. இந்த மாற்றங்களை என் வகுப்பில் நான் சொன்னேன். அவர் அன்று இரவுக் கடமைக்கு முன் தூங்கிக்கொண்டிருந்தார்.

இளைய தாதி சொன்னது இன்னும் குத்தியது. அவருக்குப் புதிய முறை தெரிந்திருந்தது. அண்மையில்தானே படித்து முடித்தவர். “எனக்குத் தெரியும் மிஸ். ஆனால் அக்காவிடம் எப்படிச் சொல்வது?”

இந்த ஒரு வரியை நான் பல நாள் யோசித்தேன். எட்டு மாதப் பிள்ளை ஒருத்தி 19 வருட அனுபவக்காரியிடம் “உறிஞ்சியை வையுங்கள், பையை எடுங்கள்” என்று சொல்வது, எங்கள் ஊரில், எங்கள் மொழியில், எத்தனை ‘உங்கள்’ போட்டாலும் கட்டளைதான். அவர் வாய் திறக்கவில்லை. பதிலாகத் தொலைபேசியை எடுத்து வைத்தியரை அழைத்தார். தன்னால் சொல்ல முடியாததைச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடியிருக்கிறார்.

பிறகு ஒரு பயிற்சிப் பொம்மையை இரவல் வாங்கி, 16 பேரையும் அவரவர் கடமை நேரத்திலேயே, அதே மேசையில், அதே பையோடு செய்து காட்டச் சொன்னோம். ஒரு நிமிடத்துக்குள் பொம்மையின் நெஞ்சை எழுப்பியவர்கள் ஐந்து பேர். நான் அவர்களில் ஒருத்தி இல்லை. சான்றிதழ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது; பொம்மையின் தலையைப் பின்னால் அதிகம் சாய்த்துவிட்டேன்.

எடுத்த முடிவுகள்

விளக்கம் கோரும் கடிதம் வேண்டாம் என்பதை அத்தியட்சகர் ஏற்றுக்கொண்டார். கடிதம் போயிருந்தால் அடுத்த தடவை குறிப்பேடு இன்னும் அழகாக எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

பயிற்சியை இரவு ஏழு மணிக் கையளிப்புக்குக் கொண்டுவந்தோம். எங்கள் கடமைகள் காலை 7 முதல் 1, பிற்பகல் 1 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7. வைத்தியர் தூரத்தில் இருக்கிற, ஆட்கள் குறைந்த நேரம் இரவுதான். ஆகவே இரவுக்கு வருகிற குழு, நோயாளரைப் பொறுப்பேற்றவுடன், எட்டு நிமிடம் பொம்மையோடு நிற்கும். வகுப்பு இல்லை, படவில்லை இல்லை. ஒருவர் குழந்தையைப் பார்ப்பார், ஒருவர் உதவுவார், மருத்துவமாது பொம்மையின் கொடியில் உள்ள குமிழை அழுத்தித் துடிப்பைக் காட்டுவார். தாதியருக்கும் மருத்துவமாதருக்கும் தனித்தனிப் பயிற்சிகள், தனித்தனிச் சங்கங்கள், யார் எதைச் செய்வது என்பதில் பழைய மனக்கசப்புகள். பிரசவ மேசையில் மட்டும் இருவரும் ஒரே குழந்தைக்கு முன் நிற்கிறார்கள். சேர்ந்து பழக வேண்டும் என்று நான் கேட்டபோது இரண்டு பக்கமும் சற்று முகம் சுளித்தது. பொம்மை வந்ததும் அது கரைந்தது. முதல் வாரத்திலேயே பொம்மைக்கு ‘ராசா’ என்று பெயர் விழுந்துவிட்டது.

சுவரில் தமிழில் ஓர் அட்டை ஒட்டினோம். துடை. ஈரத்துணியை மாற்று. மூச்சு வருகிறதா? இல்லையென்றால் தலையை நேராக்கு, மாஸ்க்கை வை, மூச்சுக் கொடு. வழியை அடைத்திருக்கிறது என்று கண்ணால் கண்டால் மட்டும் உறிஞ்சு. வேகத்தைக் காக்க வாய்விட்டு எண்ணுவது: ‘மூச்சு, இரண்டு, மூன்று; மூச்சு, இரண்டு, மூன்று’. இப்படி எண்ணினால் நிமிடத்துக்கு 40 அளவில் வரும். பட்டறையில் இதை ஆங்கிலத்தில் எண்ணியபோது எனக்குத் தாளம் பிடிபட்டதே இல்லை.

இளைய தாதி வாய் திறக்காததற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ‘யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம்’ என்று அறிவித்தால் நடக்காது என்று எனக்குத் தெரியும். நாங்கள் செய்தது, ஒரே ஒரு வசனத்தைப் பொதுவாக்கியது: “நெஞ்சு எழும்பவில்லை.” அது கட்டளையும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை, கண்ணால் கண்டதைச் சொல்வது. சிற்றூழியரும் சொல்லலாம். அதைக் கேட்டவுடன், பை பிடித்திருப்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், மாஸ்க்கையும் தலையையும் சரிபார்க்க வேண்டும். பயிற்சியில் இளையவர்களை வேண்டுமென்றே இதைச் சொல்ல வைத்தோம். முதல் சில நாட்கள் குரல் எழும்பவில்லை. நெஞ்சு எழும்பியதோ இல்லையோ, அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருத்தி என்னைப் பார்த்தே சத்தமாகச் சொன்னாள். நான் மாஸ்க்கைச் சரி செய்தேன்.

சில்லறைக் காரியங்களையும் முடித்தோம்: இரண்டு அளவு மாஸ்க்குகளும் பையோடு ஒரே தட்டில், கடிகாரத்துக்குப் புதிய மின்கலம், சரியான நேரம், ஒவ்வொரு கடமை மாற்றத்திலும் பையை உள்ளங்கையில் அழுத்திச் சோதிப்பது.

பயிற்சியை நடத்தும் பொறுப்பை மூத்த தாதியிடமே கேட்டேன். மூன்று வாரம் பொம்மையைத் தொடவே மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. நாலாவது வாரம் ஒரு நாள், கையளிப்பு முடிந்து எல்லோரும் போன பின், தனியாக நின்று பொம்மையின் தலையை நேராக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். பேசாமல் வந்துவிட்டேன். அடுத்த கிழமையிலிருந்து அவர்தான் நடத்தினார்.

தாயுடன் பேசியது

இதில் நாங்கள் பிந்திவிட்டோம். மூன்றாம் நாள்தான் போதனா வைத்தியசாலைக்குப் போய் அவரைச் சந்தித்தேன். அதுவரை அவருக்கு யாரும் ஒழுங்காக எதுவும் சொல்லவில்லை. அவர் பிரசவ மேசையில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். “மிஸ்ஸி ‘அழு ராசா, அழு’ என்று ஏழு தரம் சொன்னார், நான் எண்ணினேன்” என்றார். பிறகு கேட்டார்: “பெரிய டொக்டர் வந்து செய்ததை முதலே செய்திருக்க ஏலாதா?”

ஏலும் என்றேன். ஏன் செய்யவில்லை என்பதையும், பழைய முறை, மாஸ்க் அளவு, எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய தாய் கோபத்தோடு எழுந்து வெளியே போனார். இவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பொம்மைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விடுதியில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

பின்பு நடந்தவை

முதல் மாதம் உற்சாகம். இரண்டாவது மாதம் வருகைப் பதிவேடு ஒன்று வைத்தேன். அது என் பிழை. பதிவேடு வந்ததும் கையெழுத்து நிறைந்தது, பயிற்சி மெலிந்தது. ஒரு நாள் ஏழேகால் மணிக்கு எட்டிப் பார்த்தால் பொம்மை பெட்டிக்குள், பதிவேட்டில் நான்கு கையெழுத்து. பதிவேட்டைத் தூக்கிவிட்டு, பொம்மையின் நெஞ்சை எழுப்ப அன்று எடுத்த செக்கன்களை மட்டும் வெண்பலகையில் எழுதச் சொன்னோம். 70, 55, 48. அது ஓடியது. புலம்பெயர்ந்திருக்கும் ஊரவர் ஒருவரின் உதவியால் சொந்தமாகப் பொம்மையும் கிடைத்தது.

2024 பங்குனியில், ஓர் இரவு, துவண்டு பிறந்த இன்னொரு குழந்தை. பை பிடித்தவர் இளைய தாதி; பக்கத்தில் நின்று எண்ணியவர் மூத்த தாதி. முதல் அழுத்தில் நெஞ்சு எழும்பவில்லை என்று சொன்னவர் சிற்றூழியர். வைத்தியர் வந்து சேர்ந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது.

ஆனால் வேறொன்று கைநழுவியது. பயம் பிடித்துவிட்டால் எல்லாக் குழந்தையும் நோயாளியாகத் தெரியும். பச்சை நீரோடு பிறந்து, வீரிட்டு அழுகிற குழந்தைகளையும் ‘எதற்கும் பார்ப்போம்’ என்று கொடியை அவசரமாக வெட்டி மேசைக்குக் கொண்டுவரத் தொடங்கியிருந்தோம். தாயின் நெஞ்சில் தோலோடு தோல் சேர்த்துக் கிடத்துவதும், முதல் மணித்தியாலத்தில் பாலூட்டுவதும் குறைந்தன. சில குழந்தைகளின் உடல்வெப்பம் 36.5 பாகைக்குக் கீழே போனது. இதைக் கண்டுபிடித்தவர் பிரசவத்துக்குப் பின் பார்க்கிற விடுதியின் தாதி. எங்களுக்குத் தெரியவே இல்லை. அதன் பின், நன்றாக அழுகிற குழந்தையைத் தாயிடமே விட்டு, ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியை வெட்டுவதையும் பயிற்சிக்குள் சேர்த்தோம். வாரத்தில் இரண்டு நாள் ‘ராசா’ அழுதுகொண்டே பிறப்பார். அவரை மேசைக்குக் கொண்டுவருபவர் தோற்றவர்.

வைகாசியில் இரட்டைக் குழந்தைப் பிரசவம் ஒன்று எதிர்பாராமல் எங்களிடமே நடந்தது. இரண்டு குழந்தைகள், ஒரு பை. இரண்டாவது குழந்தை தானாக அழுதது எங்கள் திறமையால் அல்ல. அடுத்த நாள் இரண்டாவது பைக்குக் கடிதம் எழுதினேன். அது வந்து சேர ஐந்து மாதம்.

மறுபடி செய்வதென்றால்

தாயிடம் அன்றைக்கே போவேன். வைத்தியர்களை முதல் வாரத்திலேயே சேர்ப்பேன். அவர்கள் இல்லாமல் தொடங்கியதால், பயிற்சி தெரியாத புதிய வைத்தியர் ஒருவர் ஆவணியில் முதலில் உறிஞ்சியைக் கேட்டார். (“நெஞ்சு எழும்பவில்லை டொக்டர்” என்று சொல்ல ஆள் இருந்தது.) பட்டறைக்கு என்னைப் போன்ற பொறுப்பாளரை அனுப்பாமல், இரவுக் கடமை அதிகம் செய்கிறவரை அனுப்பச் சொல்லிக் கேட்பேன்.

தாயின் பக்கத்தையும் இதோடு சேர்த்தே தொடங்கியிருக்கலாம். பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கைக் கண் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடும். 2024 புரட்டாதியில் பீற்றூட் அவித்த நீரை 500 மில்லிலீற்றர் அளந்து, விரிப்பிலும் பஞ்சுத் துணிகளிலும் ஊற்றி, எவ்வளவு என்று கேட்டோம். அநேகர் 250, 300 என்றார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2023 இல் வெளியான பெரிய ஆய்வில், அளவுக்கோடிட்ட விரிப்பால் இரத்தத்தை அளந்து, சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே தடவையில் தொடங்கியபோது, கடும் இரத்தப்போக்கு உள்ளிட்ட பாரதூரமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. எங்களிடம் அந்த விரிப்பு இல்லை. இப்போதைக்கு நனைந்த துணிகளை நிறுக்கிறோம். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லிலீற்றர் என்று கணக்கு.

2025 தையில் வருடாந்த இடமாற்றம் வந்தது. 16 பேரில் நான்கு பேர் மாறிப்போனார்கள். வெண்பலகையில் செக்கன்கள் மீண்டும் 70, 80 என்று ஏறின. போனவர்களில் மூத்த தாதியும் ஒருவர். வன்னியில் சிறிய வைத்தியசாலை ஒன்று. சுவர் அட்டையின் பிரதியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டாம் வாரம் தொலைபேசியில் அழைத்தார். அங்கே பிரசவ மேசையில் ஒரே அளவு மாஸ்க்தான் இருக்கிறதாம். 0 அளவில் ஒன்று வாங்கி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்துவிட்டேன்.